என் வேலிக்கு நீ எழுதிய கடதாசி

தம்பி,

நீ திங்கட்கிழமை விடியப் புறப்படுகிறாய். மானிட்டோபா மாகாணம் என்று வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினாய். என் கண்ணுக்கு அது வெறும் சதுரம். அங்கே ஒரு அரசாங்கக் கந்தோரில் இருந்துகொண்டு, பயிர் செய்கிற கமக்காரர் எந்த மாதத்தில் எந்த மரத்தை வெட்டலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று விதி எழுதப் போகிறாய் என்று அப்பா போன் எடுத்து எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த விதிகளோடு எனக்கு இருக்கிற கொழுவல் உனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கொழுவலில் உனக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது, அதை நீ போக முன்னம் சொல்லிவிட வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொன்னால் நான் இரண்டாவது வசனத்திலேயே சண்டைக்குப் போய்விடுவேன், அம்மாவின் குணம் தெரிந்ததுதானே. அதனால்தான் எழுதுகிறேன். உன் பெட்டியில் மிளகாய்த்தூள் போத்தலுக்குக் கீழே வைக்கிறேன், அங்கே போய் ஆறுதலாகப் படி.

நீ பத்து வயதிலேயே எங்களுக்குக் கடதாசி நிரப்பத் தொடங்கினவன். அப்பாவுக்கும் எனக்கும் பிரெஞ்சு என்றால் போன்ஜூரும் மெர்சியும்தான். நீயோ பள்ளிக்கூடத்தில் மூன்றே மாதத்தில் கிளி மாதிரிக் கதைக்கத் தொடங்கிவிட்டாய். குசினி மேசையில் கால் நிலத்தில் முட்டாமல் இருந்துகொண்டு, பேனையை வாயில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் கேட்பாய். பேர், பிறந்த ஊர், பிள்ளைகள் எத்தனை. ஒரு இடத்தில் மட்டும் எப்போதும் நிற்பாய். "அம்மா, தொழில் எண்ட இடத்தில என்ன எழுத?" நான் அப்போது டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அதை எழுதுவிக்க எனக்கு மனம் வரவில்லை. "ஒண்டுமில்லை எண்டு எழுது" என்பேன். நீ ஒன்றுமில்லை என்று எழுதமாட்டாய். வீட்டைப் பார்க்கிறவள் என்று பொருள்படுகிற ஒரு சொல்லை எழுதிவிட்டு, சரிதானே என்று என் முகத்தைப் பார்ப்பாய். பிறகு நகரத்துக்கு வெளிப்பக்கமாகப் பியர்பொன்ட்ஸுக்கு வந்தோம், கோப்பை கழுவுகிறதை விட்டுவிட்டு நான் தோட்டம் செய்யத் தொடங்கினேன். ஆனாலும் கடதாசிகளில் அந்தச் சொல் மாறவில்லை. மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை.

ஜெரார் கிழவரின் காணியில் நாலு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தபோது, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் அந்த ரோட்டில் இருந்தவர்களுக்கு நான் ஒரு விளையாட்டுச் சாமான். சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட்டும் றப்பர் சப்பாத்தும் போட்ட ஒரு மனுஷி, சோளம் விளைகிற மண்ணில் கத்தரியும் பச்சை மிளகாயும் பயற்றங்காயும் வைக்கிறாள் என்று காரை மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொண்டு போவார்கள். முதல் வருடம் ஏரிப் பக்கத்துக் காற்று என் மிளகாய்க் கன்றுகளில் பாதியை முறித்துப் போட்டது. பங்குனியில் இருந்து பேஸ்மன்டில் தயிர்க் கோப்பைகளுக்குள் குழந்தைப் பிள்ளையைப் போல் வளர்த்த கன்றுகள். இருந்து அழுதேன். ஜெராரைக் கேட்டால், காற்று என்றால் அடிக்கும்தான் என்று தோளைக் குலுக்கினார்.

எனக்குத் தெரிந்தது கதியால் ஒன்றுதான். பச்சைத் தடியை வெட்டி நெருக்கமாக நட்டால் அது வேர்விட்டுத் தழைத்து உயிர்வேலியாகும். தழைத்ததை இலையோடு வெட்டி நிலத்தில் புதைத்தால் அந்தக் குழை பசளையாகும். கிளுவையும் பூவரசும் இங்கே எங்கே கிடைக்கும்? வாய்க்கால் ஓரத்தில் வில்லோ மரம் நின்றது. அதில் தடி வெட்டி, பனி உருகின கையோடு, காற்று வருகிற பக்கம் முழுவதும் நீயும் நானும் அப்பாவும் இரண்டு சனி ஞாயிறு நட்டோம். உனக்கு உள்ளங்கை எல்லாம் கொப்பளம். ஜெரார் சிரித்த சிரிப்பை மறந்திருக்க மாட்டாய். ஆனியில் தடிகள் துளிர்த்தபோது சிரிப்பு நின்றது. மனுஷன் காலையில் கோப்பியும் கையுமாக வந்து என் வேலியைப் பார்த்துவிட்டுப் போகத் தொடங்கினார். மூன்று வருடத்தில் அது என் தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. ஒவ்வொரு வைகாசியும் இலை வந்ததும் நான் குழை வெட்டுவேன், வரிசை வரிசையாகப் புதைப்பேன், அதற்கு மேல்தான் கன்று. அந்த மிளகாயின் உறைப்பு வேறொரு தோட்டத்து மிளகாய்க்கும் இல்லை என்று கடைக்காரர்களே சொன்னார்கள். சும்மா சொல்லவில்லை, இரண்டாம் முறையும் வந்து வாங்கினார்கள்.

அங்கேதான் நான் எனக்கே குழி வெட்டியிருக்கிறேன். நான் நட்டது எனக்கு வேலி, எனக்குப் பசளை. அரசாங்கத்துக்கு அது பறவை கூடு கட்டுகிற செடிவரிசை. சித்திரை நடுவில் இருந்து ஆவணி முடியும்வரை வயலோரத்து மரத்திலும் வேலியிலும் கத்தி வைக்கக் கூடாது என்ற விதி எங்கள் பக்கத்தில் முன்னமே இருந்ததாம். ஒருவரும் கவனிக்கவில்லை. ஐஸ் மழை பெய்த வருடம்தான் எல்லாருக்கும் அது தெரியவந்தது. அந்தத் தை மாதம் கொப்பெல்லாம் ஐஸ் பாரத்தில் முறிந்து வயலுக்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் கிடந்தது. பங்குனி முடியும்வரை பனி, அதற்குப் பிறகு சேறு. ட்ராக்டர் இறங்கக்கூடிய நிலம் காய்ந்து வந்த நேரம், வெட்டத் தடை தொடங்கிவிட்டது. ஒருவருக்கு வண்டி போகிற ஒழுங்கைக்கு மேல் தொங்கின கொப்பு ட்ராக்டரின் கண்ணாடியை அடித்து உடைத்தது. இன்னொருவருக்கு வாய்க்கால் அடைபட்டு அரை வயல் தண்ணீரில் நின்றது. எனக்கு வேலி சரிந்து முதல் ஆறு வரிசையிலும் வெயில் விழவில்லை, பசளையாக வேண்டிய குழை மரத்திலேயே நின்றது. கன்று நட இரண்டு கிழமைதான் இருந்தது. கந்தோரில் இருந்து விதி எழுதினவனுக்கு வைகாசியில் ஒரு கமக்காரனுக்கு என்ன வேலை என்று தெரியாது என்று நான் ஏசாத நாள் இல்லை. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி எடுக்கமாட்டேன்.

அந்த வைகாசியில்தானே விவசாயக் கல்லூரிக் கடைசி வருடப் படிப்போடு உனக்கு அந்த வேலையும் கிடைத்தது. மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு, வேலி வேலியாக நடந்து, விதியை மீறினவர்களுக்கு அபராதக் கடதாசி எழுதிக் கொடுக்கிற வேலை. படிப்பு முடிய அந்தக் கந்தோர் உன்னை நிரந்தரமாக எடுக்கும் என்ற நம்பிக்கையில் அப்பா கோயிலில் அர்ச்சனைகூடச் செய்வித்தார்.

இனித்தான் உனக்குத் தெரியாத பகுதி. ஒரு செவ்வாய்க்கிழமை ஜெரார் என் வரிசைக்குள் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை தன் மெஷின் கொட்டகையில் கூட்டம், நானும் வரவேண்டும் என்றார். அத்தனை வருடத்தில் ஒருநாளும் என்னை ஒன்றுக்கும் கூப்பிட்டதில்லை. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். எனக்கு ஒரு கதிரை தந்தார்கள். சுற்றிவர இருந்த பத்துப் பேரும் கத்தினார்கள், நானும் என் அரைகுறைப் பிரெஞ்சில் கத்தினேன், தலையாட்டிக் கேட்டார்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் மரம் அறுக்கிற வாளை வேலியில் போடுவது, கந்தோர் ஆள் எத்தனை பேருக்கென்று கடதாசி எழுதுவான் என்று முடிவானது. அப்போது ஒருவன் கேட்டான், அந்த எழுதுகிற பொடியன் மதாமின் மகன் அல்லவா என்று. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மொன் ஃபிஸ், பா த ப்ரோப்ளெம்" என்றேன். என் மகன், ஒரு பிரச்சினையும் இல்லை, அவன் எழுதமாட்டான். ஜெரார் எழும்பிவந்து தன் கையாலேயே எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். அப்படியென்றால் மதாம் முதலில் வெட்டட்டும் என்றார்கள். தாயின் வேலிக்கு எழுதாமல் விட்டவன் பிறகு எங்கள் வேலிக்கு எந்த முகத்தோடு எழுதுவான் என்று அவர்கள் கணக்குப் போட்டது எனக்கு விளங்காமல் இல்லை. அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. உன் பேரையும் வேலையையும் அந்தக் கொட்டகை மேசையில் வைத்து நான் விளையாடுகிறேன் என்றும் தெரிந்தது. ஆனால் கதிரை சுகமாக இருந்தது, தம்பி. பத்து வருடத்துக்குப் பிறகு இந்த ஊரில் பத்துப் பேர் என்னைத் தங்களில் ஒருத்தியாகப் பார்த்தார்கள். நம்மட பிள்ளை ஒருவன் கந்தோரில் இருந்தால் நம்மட காரியம் தானாக நடக்கும் என்று நினைத்துப் பழகின சனம்தானே நாங்கள். அந்தப் பழக்கத்தை நான் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

யார் உனக்குச் சொன்னதோ, வெள்ளிக்கிழமை பின்னேரம் பேஸ்மன்டுக்கு இறங்கி வந்தாய். நான் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தயிர்க் கோப்பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாய்.

"நாளைக்கு வெட்டப் போறியளோ அம்மா?"

"ஓம். வெட்டாமல்?"

"வெட்டினா நான் எழுதுவன்."

வேறு யாராக இருந்தாலும் பறவை பாவம், முட்டை பாவம் என்று எனக்குப் பாடம் எடுத்திருப்பார்கள். நீ எடுக்கவில்லை. கெஞ்சவும் இல்லை, சுகமில்லை என்று அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் நிற்கவும் இல்லை. செய்யப் போவதை முதல்நாளே வந்து சொன்னாய். எனக்கு வந்த ஆத்திரத்தில், "எழுது, எழுது. பெத்த தாய்க்கு எழுதின கையாலயே சோத்தையும் அள்ளித் தின்" என்றேன். நீ "ஓம் அம்மா" என்றுவிட்டு, வாடியிருந்த இரண்டு கன்றுகளை லைட்டுக்குக் கிட்டத் தள்ளி வைத்துவிட்டு மேலே போனாய். நீ போன பிறகும் நான் அந்த லைட்டோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு நான் வேலியடியில் நின்றேன், நீண்ட தடியில் அரிவாளைக் கட்டின என் கொக்கத்தடியோடு. ஒழுங்கை நெடுக வாளை வைத்துக்கொண்டு அவர்கள். நீ பெரிய ரோட்டில் பஸ்ஸால் இறங்கி, மஞ்சள் மேற்சட்டையோடு நடந்து வந்தாய். முதலில் என்னைப் பார்க்கவேயில்லை. வேலியின் ஒரு முனையில் தொடங்கி மற்ற முனைவரைக்கும் கொப்புகளை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு போனாய். அரை மணித்தியாலம். திரும்பி வந்து எல்லாருக்கும் கேட்கப் பிரெஞ்சில் சொன்னாய், எனக்குத் தமிழில் சொன்னாய்: "கூடு ஒண்டும் இல்லை."

அவர்களுக்கு முகம் மலர்ந்தது. எனக்கும்தான். பிள்ளை வழி கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தேன். கொக்கத்தடியைத் தூக்கி ஒரு கொப்பை இழுத்து வெட்டினேன். இரண்டு, மூன்று. நீ புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினாய்.

"கூடு இல்லை எண்டு நீதானே இப்ப சொன்னனீ? பேந்தென்ன எழுத்து?"

"இண்டைக்கு உங்கட வேலியில இல்லை எண்டு விட்டா, நாளைக்குக் கூடு இருக்கிற வேலியிலயும் இல்லை எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். கூடு இல்லை எண்டதையும் எழுதியிருக்கிறன் அம்மா."

கிழித்து, இரண்டு கையாலும் நீட்டினாய். கோயிலில் பிரசாதம் கொடுக்கிற மாதிரி. அவர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஜெரார், இந்தப் பக்கத்து ஆட்கள் ஆத்திரம் வந்தால் செய்கிறபடி, சேர்ச் சாமான் ஒன்றின் பேரைச் சொல்லித் திட்டிவிட்டு வாளை நிலத்தில் வைத்தார். ஒரு வாளும் சத்தம் போடவில்லை. தாய்க்கே எழுதினவன் தங்களுக்கு எழுதமாட்டானா?

நீ அத்தோடு போயிருக்கலாம், வேலை முடிந்ததுதானே. நீ போகவில்லை. உன் பையில் இருந்து வெற்றுத் தாள் கொப்பி ஒன்றை எடுத்து, ஜெராரின் பிக்-அப் வண்டிப் பின்பலகையில் ஏறி இருந்துகொண்டு, ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினாய். உனக்கு எது முறிந்தது, எதை வெட்ட வேண்டும், எந்த மாதத்தில், ஏன் அந்த மாதம்? முதலில் ட்ராக்டர் கண்ணாடி உடைந்தவன் தொடங்கினான். பிறகு நிறுத்த முடியவில்லை. அடைபட்ட வாய்க்காலை நடந்து போய் அளந்தாய். என் வேலியின் நிழலையும் நாடா பிடித்து அளந்தாய். நான் மறுபக்கம் திரும்பி நின்றேன். மத்தியானம் வந்து, "அம்மா, சாப்பாடு இருக்கோ?" என்று கேட்டாய். முதல்நாள் நான் சொன்ன சொல்லுக்குப் பிறகும் கேட்டாய். புட்டுப் பெட்டியை உன் பக்கம் தள்ளிவிட்டேன். கதைக்கவில்லை.

அதற்குப் பிறகும் ஒன்பது நாள் கதைக்கவில்லை. சோறு இருக்கு என்று பிரிட்ஜைப் பார்த்துச் சொன்னேன், கதவைப் பூட்டு என்று கதவைப் பார்த்துச் சொன்னேன். அப்பா கடைசியில் பொறுக்காமல், "இஞ்சரும், நீர் வெட்டினீர், அவன் எழுதினான். இதில அவன்ர பிழை என்ன?" என்றார். அந்த மனுஷன் முப்பது வருடத்தில் எனக்கு எதிராகச் சொன்ன ஒரே வசனம்.

அந்தக் கொப்பியில் இருந்து நீ கந்தோருக்கு எழுதின கடிதங்களின் பலன் இந்த வசந்தத்தில் வந்தது, விதி மாறியது. ஒழுங்கைக்கு மேல் முறிந்து தொங்குகிறதை எப்போதும் வெட்டலாம். குழைக்கும் நிழலுக்கும் வெட்டுகிற வேலியை, ஒருவர் வந்து பார்த்துக் கூடு இல்லை என்று எழுதித் தந்தால், ஒரு கிழமைக்குள் வெட்டலாம். கூடு இருந்தால் ஆவணி முடியும்வரை கை வைக்கக் கூடாது. எல்லாருக்கும் இது திருப்தி இல்லை. ஜெரார் இன்றைக்கும் புறுபுறுக்கிறார்தான். ஆனால் விடியற்காலை ஆறு மணிக்கு நீ வேலி பார்க்க வருகிற நாட்களில், உனக்கென்று இன்னொரு கோப்பியும் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். பத்து வருடம் அந்த மனுஷனுக்கு முன்னால் நான் சம்பாதிக்கப் பார்த்த மரியாதையை, நீ அவருக்கு விருப்பமில்லாததைச் செய்தே சம்பாதித்துவிட்டாய். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். பெருமையை எழுதத் தொடங்கினால் இந்தக் கடதாசி போதாது.

புத்தி சொல்லாமல் ஒரு தாய் கடிதத்தை முடிக்கமாட்டாள், பொறுத்துக்கொள். நீ இனி மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கப் போகிறாய். கமக்காரர் வந்து கத்துவார்கள். கத்தட்டும், ஒரு கதிரை கொடு. எந்த மாதத்தில் உனக்கு என்ன வேலை என்று கேள். அதைக் கேட்கிற ஆளுக்காகத்தான் அவர்கள் கத்துகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது சேற்றில் இறங்கு, றப்பர் சப்பாத்தைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். யாராவது தாய் தன் மகனை நம்பி ஊருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றால், அவளோடு கோபிக்காதே, ஆனால் எழுது. குளிருக்குத் தொப்பி போடு. ஞாயிற்றுக்கிழமை போன் எடு. அங்கே ஒரு பெட்டையைப் பிடித்தால் முதலில் எனக்குச் சொல், அப்பாவுக்கு ரகசியம் தங்காது.

கடைசியாக ஒன்று. நீ தந்த அந்தக் கடதாசியை நான் ஆத்திரத்தில் வாசிக்கவேயில்லை, மடித்துக் கோட்டுப் பையில் போட்டுவிட்டேன். பத்தாம் நாள் கோட்டைத் தோய்க்க எடுத்தபோதுதான் விரித்துப் பார்த்தேன். என் முழுப்பேர் இருந்தது. என் அரைகுறைப் பிரெஞ்சுக்கு விளங்கினவரை, வில்லோ வேலி, மூன்று கொப்பு, கூடு இல்லை என்று இருந்தது. அதற்கு மேல், தொழில் என்ற இடத்தில், நீ வழக்கமாக எழுதுகிற சொல் இல்லை. வேறொன்று இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. நான் அதைக் கொண்டுபோய் ஜெராரிடம் காட்டினேன். கிழவர் கண்ணாடியைப் போட்டு வாசித்து, தன் நெஞ்சில் ஒருதரம் தட்டி, பிறகு என்னைச் சுட்டிக் காட்டினார். "அக்ரிகுல்த்ரிஸ்," என்றார். தோட்டம் செய்கிறவள், கமக்காரி.

அன்றைக்கு இரவு சோறு இருக்கு என்று நான் பிரிட்ஜைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துச் சொன்னேன். இந்த நாட்டில் என்னைக் கமக்காரி என்று எழுதின முதல் கடதாசி, என் பிள்ளை என் பிழையைப் பிடித்து எழுதினது. அந்த முறை தொழில் என்ன என்று நீ என்னைக் கேட்கவே இல்லை.

அம்மா